இருமல் குடியிருந்த கூரைகள்

இந்தச் சம்பவத்தை நான் பல வருஷங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். சந்தேகம் என்று சொல்வதுகூட முழு உண்மையாகாது. இதை நம்பிவிட்டால் அப்புறம் எந்தக் கூரைக்குக் கீழும் நிம்மதியாகக் கண்ணை மூட முடியாது என்பதால், நம்பாமல் இருக்கப் பாடுபட்டேன் என்பதுதான் சரி. இதை எனக்குச் சொன்ன ஜெபசிங், நான் வேலை பார்த்த பழைய வணிக வளாகத்தில் கல்நார் இருக்கிறதா என்று சோதிக்க வந்தவர். ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் சொல்கிற அந்தக் கல்நார் கூரையிலும் குழாய் உறையிலும் சுவர்ப் பலகையிலும் கலந்து கிடக்கும், உடையாதவரை சும்மா இருக்கும், உடைந்தாலோ தேய்த்தாலோ கண்ணுக்குத் தெரியாத நாராகி மூச்சோடு உள்ளே போகும், போய் இருபது முப்பது வருஷம் விருந்தாளிபோல உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம் வேலையைக் காட்டும் என்று அவர்தான் எனக்கு விளக்கினார். அன்று மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி இதையும் சொன்னார். பிறகு நாங்கள் சிநேகிதர்களானோம், கேட்டபோதெல்லாம் திரும்பச் சொன்னார், ஒரு வார்த்தை மாறியதில்லை. மாறாததால் உண்மை என்று தோன்றும். மாறாததாலேயே மனப்பாடம் என்றும் தோன்றும். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் தலை நரைத்தேன்.

கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில், மூடிப்போன ஒரு நூல் மில்லும், அதில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த லைன் வீடுகளும் இருந்தன. மில்லுக்கும் வீடுகளுக்கும் ஒரே கூரை, சாம்பல் நிறத்தில் அலை அலையாக ஓடும் கல்நார் ஷீட்டு. சித்திரை வெயிலில் அந்த ஷீட்டுக்குக் கீழே இருப்பது அடுப்புக்குள் இருப்பதைப் போல என்பதால், ஒவ்வொரு வருஷமும் தை பிறப்பதற்கு முன்னால் கூரைக்கு மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். சுண்ணாம்பு பிடிக்க வேண்டுமென்றால் பழைய பாசியும் கரியும் போக வேண்டும், அது போக வேண்டுமென்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், தேய்க்க வேண்டுமென்றால் ஆள் மேலே ஏற வேண்டும், ஆனால் ஷீட்டோ ஆம்பிளை கனம் தாங்காது. மில் ஷெட்டின் மேல் ஏறி, காலுக்குக் கீழே ஷீட்டு பொத்துக்கொண்டு இயந்திரத்தின் மேலேயே விழுந்து செத்தவர்களை அவர்கள் பார்த்திருந்தார்கள். ஆகவே எந்த வீட்டிலும் யார் கனம் குறைவோ அந்தப் பிள்ளைதான் ஏறும். மார்கழி பிறந்ததும் அப்பன்மார்கள் தங்கள் பிள்ளைகளைக் கண்ணாலேயே நிறுத்துப் பார்ப்பார்கள். தேர்வானது அந்தப் பிள்ளைக்கு ஒரு பெருமை, அதற்குப் புதுத்துணியில் முதல் உரிமை, இறங்கினதும் கை நிறையச் சீனி மிட்டாய். காலையில் ஏறின பிள்ளை மத்தியானம் இறங்கும்போது புருவமும் இமையும் தலைமயிரும் வெள்ளையாக இறங்கும், பார்த்தவர்கள் சிரிப்பார்கள், தாய் முந்தானையால் தட்டிவிடுவாள், தட்டின தூசு வெயிலில் மின்னிக்கொண்டு தாயின் முகத்துக்கும் போகும்.

மில்லை வாங்க வந்தவர்களின் வெளிநாட்டுக் கூட்டாளிகள் கல்நார் இருக்கிற இடத்தில் காசு போட மாட்டோம் என்றதால் ஜெபசிங்கின் ஆட்கள் அங்கே போனார்கள். தலையோடு மூடிய வெள்ளை உடுப்பும் இரண்டு பக்கமும் வட்ட வடிகட்டி வைத்த முகமூடியுமாக அவர்கள் லைனுக்குள் நுழைந்தபோது, என்ன அண்ணாச்சி சந்திரமண்டலத்துக்கா கிளம்பிட்டிய, போற வழி எங்க தெருவா என்று பெண்கள் கேட்டிருக்கிறார்கள். ஜெபசிங் ஒவ்வொரு கூரையிலும் ஒரு மூலையைத் தண்ணீர் தெளித்து நனைத்து, நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு உடைத்து, பையில் போட்டு மூடி, உடைத்த இடத்தில் புண்ணுக்குப் பிளாஸ்திரி போடுவதுபோல டேப்பு ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

முதலில் இருமியது குருவம்மாளின் கூரை. அவள் புருஷன் மில் பாய்லரில் இருந்தவர், நெஞ்சு இறுகி இறுகிச் செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே, ஷீட்டுக்குள்ளேயிருந்து, அவர் இருமினார். முதலில் தொண்டையைச் செருமி, பிறகு இரண்டு குட்டை இருமல், பிறகு கிணற்றில் வாளி இடிக்கிறதுபோல ஒரு நீண்ட இருமல். குருவம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெந்நி வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் அகப்பையைக் கீழே வைத்தாளாம்.

அன்று பொழுது சாய்வதற்குள் சில்லு எடுத்த கூரைகள் பலவும் இருமின. அப்பாவின் இருமல், அண்ணனின் இருமல், ரிங் பிரேம் என்கிற நூற்பு இயந்திரத்தில் நின்ற அத்தையின் இருமல். யாருக்கும் யாருடையது என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரே சுவரைப் பங்கு போட்டுக் குடியிருந்தவர்களுக்கு முகத்தைவிட இருமல் நன்றாகத் தெரியும். பயந்தார்கள்தான். ஆனால் பயந்துகொண்டே தண்ணீர் பிடிக்கவும் ரேஷனுக்கு நிற்கவும் போக வேண்டியிருந்ததால், கொஞ்ச நாளில் அந்தப் பயம் வீட்டுச் சாமான்களில் ஒன்றாக மாறியது. கூரைகள் ஷிப்டு மாறும் நேரத்தில்தான் அதிகம் இருமின என்பதைக் கவனித்து, சங்கு ஊதாத மில்லுக்கு அதைச் சங்காக வைத்துக்கொண்டார்கள். சிலர் சுவர் மேல் ஓமத்தண்ணீர் வைத்தார்கள். இருமுகிற ஆளுக்குத் திதி கொடுக்கலாமா கூடாதா என்று கோயில் கமிட்டியில் சண்டை வந்து, கொடுக்கலாம், ஆனால் சத்தமாகப் பேர் சொல்ல வேண்டாம் என்று முடிவானது. ஒருத்தி, உசுரோட இருந்தப்ப ஒரு வார்த்தை பேசுனதில்ல, இப்ப மணிக்கொருதரம் கூப்பிடுதாக என்று மேலே பார்த்து ஏசினாள்.

யூனியன் செயலாளர் வேலாயுதப்பெருமாள் மட்டும் இதை வேறு மாதிரி பார்த்தார். இத்தனை பேரும் பீடி குடித்துச் செத்தார்கள் என்று சொல்லித்தான் மில் நஷ்டஈடு மறுத்திருந்தது. இப்போது கூரையே சாட்சி சொல்கிறதே என்று அவர் மில்லின் பழைய டாக்டரைக் கையோடு கூட்டிவந்தார். டாக்டர் ஏணியில் ஏறி, ஸ்டெதாஸ்கோப்பை ஷீட்டின் மேல் வைத்து, மூச்சை இழு என்று பழக்கத்தில் சொல்லி, அது இழுத்ததையும் விட்டதையும் கேட்டு, இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "பீடிதான்" என்றார். பொம்பிளைகள் எப்பய்யா பீடி குடிச்சாக என்று குருவம்மாள் கேட்டபோது அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

செத்தவர்களின் இருமலோடு இருந்திருந்தால் ஊர் அதைச் சுமந்துகொண்டு போயிருக்கும். ஆனால் பிரமுவின் வீட்டில் யாரும் செத்திருக்கவில்லை. பிரமு தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள், புருஷன் டவுனில் வாட்ச்மேன், ஒரே மகள் செண்பகவல்லிக்கு ஆனி மாதம் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவர்கள் கூரையிலிருந்து ஒரு இளம்பெண்ணின் இருமல் வந்தது. அக்கம்பக்கத்தார் வந்து அண்ணாந்து நின்று கேட்டார்கள், இது நம்ம லைன் ஆளில்லை என்றார்கள், முன்னால் குடியிருந்தவர்களோ என்றார்கள்.  பிரமுவுக்கு முதல் இருமலிலேயே தெரிந்துவிட்டது. பெற்றவளுக்கு மகளின் தொண்டை தெரியாதா? அந்த மகளோ பக்கத்தில் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு ஒரு சளிகூட இல்லை. கடைசியில் குருவம்மாள்தான், கேட்கக் கூடாததைக் கேட்கிறோம் என்று தெரிந்து, மெதுவாகக் கேட்டாள்: "ஏட்டி பிரமு, உங்க வீட்டுக் கூரைக்கு யாரு ஏறுவா?"

பிரமு, அவதான், ஏழு வயசுலேருந்து அவதான் என்றாள்.

அந்தப் பதில் வாசல் வாசலாகப் போனது. ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டுக் கூரைக்குக் காது கொடுத்தார்கள். செத்தவர்களின் இருமலுக்குப் பின்னால், அதன் நிழலில், மெல்லியதாக இன்னொரு இருமல் இருப்பதை அப்போதுதான் பலரும் கேட்டார்கள். திருப்பூரிலும் ஓசூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்குப் போன் போட்டு, சாப்பிட்டியா, மழை பெய்யுதா என்றெல்லாம் சுற்றிவளைத்து, இருமல் கிருமல் ஏதும் இல்லையே என்று கேட்டார்கள். இல்லையே, ஏன் என்று பிள்ளைகள் கேட்டபோது, சும்மாதான் என்று வைத்துவிட்டு, போனைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கையால்தான் பிள்ளையை இடுப்பில் பிடித்துத் தூக்கிக் கூரை மேல் ஏற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து தெருவில் யாரும் தொண்டையைச் செருமவில்லை. குழந்தைக்குப் புரையேறினால்கூடத் தெருவே நின்று கேட்டது.

சோதனையில் எல்லாக் கூரையிலும் கல்நார் என்று வந்தது. கழற்றும் வேலைக்கும் ஜெபசிங்கே வந்தார். நனைக்க வேண்டும், உடைக்காமல் கழற்ற வேண்டும், குழந்தையை இறக்குவதுபோல இறக்க வேண்டும், கனமான பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி எல்லா விளிம்பும் டேப்பு ஒட்டிக் குழியில் புதைக்க வேண்டும், இதுதான் அவருக்குத் தெரிந்தது. இருமலை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. இருமல் அதோடு சேர்ந்து மண்ணுக்குள் போய்விடும், நல்லதுதானே என்றார்கள் ஒரு கட்சியார். கூரை இருக்கிறதால்தானே அது கூரையில் இருக்கிறது, கூரை போனால் அது சொந்தக்காரரைத் தேடி வராதா என்றார்கள் மறு கட்சியார். இரண்டாம் கட்சி சொன்னதுதான் நடந்தது. சின்ன வயசில் கூரை ஏறின கருத்தப்பாண்டி என்கிற டிரைவரின் வீட்டு ஷீட்டு இறக்கும்போது கை நழுவி இரண்டாகப் பிளந்தது, பிளந்ததும் அதிலிருந்த இருமல் நின்றுபோனது. அதே மத்தியானம் அவன் ஈரோட்டுப் பக்கம் லாரியை ஓரங்கட்டி இருமத் தொடங்கியவன் வீடு வந்து சேரும்வரை நிறுத்தவில்லை.

செத்தவர்களின் கூரைகளுக்கு வேறு கஷ்டம் வந்தது. அந்த ஊரில் பழைய ஷீட்டை யாரும் எறிந்ததே கிடையாது. ஆட்டுக்கொட்டிலுக்கு ஆகும், குளிக்கிற மறைப்புக்கு ஆகும், விறகு மூடி வைக்க ஆகும். கட்டி அடுக்கின ஷீட்டுகளை எடுத்துப்போக வந்தவர்கள், பிளாஸ்டிக்குக்குள்ளிருந்து வாய் பொத்தினதுபோல வந்த இருமலைக் கேட்டார்கள். மூச்சு முட்டுமே என்று சொல்லி, தன் புருஷனின் ஷீட்டைக் கண்டுபிடித்து, அதன் தாளில் அரிவாள்மனையால் ஒரு கீறல் போட்டாள் குருவம்மாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் தங்கள் ஆட்களுக்குக் கீறல் போட்டார்கள், அதில் வாயை வைத்து ஆறுதலாக நாலு வார்த்தை பேசினார்கள், இரண்டொருவர் ஊதிக்கூட விட்டார்கள். தடுக்க ஓடின ஜெபசிங்கை, உமக்கு அப்பன் ஆத்தா இல்லியா என்று ஏசினார்கள். அந்தக் கீறல்களின் விளைவு தெரிய இன்னும் வருஷங்கள் இருக்கின்றன என்று இந்த இடத்தில் மட்டும் ஜெபசிங் கையைப் பிசைவார்.

கடைசியாக பிரமுவின் வீடு மிஞ்சியது. அவள் ஜெபசிங்கின் ஆட்களை வாசலோடு நிறுத்திவைத்திருந்தாள். கூரை இருந்தாலும் மகளுக்கு ஆபத்து, உடைந்தாலும் ஆபத்து. அந்தக் கூரையோ விரிசல் விட்டு, போல்ட்டுத் துளைகளைச் சுற்றிப் பொருக்குத் தட்டி, காக்கை உட்கார்ந்தாலே கிறீச்சிட்டது. சாரம் கட்டச் சந்தில் இடமில்லை, பக்கச் சுவரும் தாங்காது. ஜெபசிங் நாலு பக்கமும் சுற்றி வந்து, அவர் ஆட்களில் ஒருவரையும் ஏற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டார். அப்போது செண்பகவல்லி தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, எப்பவும் நான்தான ஏறுவேன் என்று சொன்னாள். பிரமு அவள் கன்னத்தில் அறைந்தாள். பிறகு அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறகு வேறு வழி யோசித்துப் பார்த்து, வழி இல்லாததால், கையை விட்டாள்.

வெள்ளை உடுப்பு அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. முகமூடிதான் சேரவில்லை. மற்ற முகமூடிகள் எல்லாம் பெரிய தாடைக்காரர்களின் அளவு, விளிம்பில் காற்று போனால் போட்டும் பிரயோஜனமில்லை. எப்போதும் கிராம்பு மெல்லும் ஜெபசிங் ஒடுங்கின முகக்காரர். தேத்தண்ணீர் குடிக்கக்கூட வேலைக்களத்தில் முகமூடியைக் கழற்றவிடாமல் ஆட்களை விரட்டுகிறவர், தன்னுடையதைக் கழற்றித் துடைத்து அவளுக்கு மாட்டி, வாரை இறுக்கி, உள்ளங்கையால் மூடிக் காற்று போகிறதா என்று பார்த்தார். ஆட்களைச் சந்துக்கு வெளியே நிறுத்திவிட்டு, தான் ஒரு ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு கூரைக்குக் கீழே நின்றார்.

அவள் தவழ்ந்து ஏறினாள். அவள் உள்ளங்கைக்குக் கீழே கூரை அவளுடைய குரலில் இருமியது, அவள் கையை எடுக்காமல் அது முடியக் காத்திருந்தாள், தண்ணீர் தெளித்தாள், போல்ட்டைத் திருகினாள், மறுபடி இருமியது, மறுபடி காத்திருந்தாள். சந்து முனையில் நின்ற ஊர் மூச்சு விடவில்லை. ஷீட்டு ஒரு விரிசல்கூடக் கூடாமல் இறங்கியது. ஜெபசிங்கும் பிரமுவும் ஏந்திப் பிடித்து வாங்கினார்கள், தாளில் கிடத்தினார்கள், முதல் சுற்று ஆயிற்று, இரண்டாம் சுற்று ஆயிற்று. மற்றவற்றைப்போல இந்தத் தாளில் கீறல் ஏதும் இல்லை, அவர் டேப்பு ஒட்டத் தொடங்கினார்.

ஒரு பக்கம் ஒட்டியதும், இறங்கி வந்திருந்த செண்பகவல்லி முகமூடியைக் கழற்றிவிட்டு வெயிலுக்கு நகர்ந்தாள். இரண்டாம் பக்கம் ஒட்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் பக்கம் ஒட்டினபோது அவள் உதடு நீலம் பூத்திருந்தது, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது, தரையில் உட்கார்ந்து காற்றைக் கையால் அள்ளினாள். ஒரு மூலை மட்டும் பாக்கி. கீறு, கீறிவிடு என்று குருவம்மாள் கத்தினாள். கீறாதே, கருத்தப்பாண்டியைப் பாரு என்று வேலாயுதப்பெருமாள் கத்தினார். பிரமு டேப்பு வெட்டின கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, மகளையும் பார்த்து ஷீட்டையும் பார்த்து, கடைசியில் ஜெபசிங்கைப் பார்த்துச் சொன்னாள்: "ஒட்டுனா மூச்சு நிக்குது. கிழிச்சா இருமல் வருது. நீரே சொல்லும் அண்ணாச்சி, எம்புள்ளைக்கு நான் எதைக் குடுக்க?"

ஜெபசிங் ஈரத் துண்டைக் கீழே இறக்கிவிட்டு, திறந்திருந்த அந்த மூலைக்குக் குனிந்தார். தாள் சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் குனிந்தேன், எங்க வேலையில அது பழக்கம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். கொஞ்ச நேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தார். மூலையை ஒட்டினார். ஒட்டினதும் செண்பகவல்லி தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கினவளைப்போல ஒரு பெரிய மூச்சு இழுத்தாள், அழுதாள், பசிக்கிறது என்றாள். ஷீட்டிலிருந்து அதற்கப்புறம் சத்தமே இல்லை. குழிக்குப் போகும் வழியெல்லாம் லாரியில் மற்ற ஷீட்டுகள் இருமிக்கொண்டு போக, அது மட்டும் வெறும் ஷீட்டாகக் கிடந்தது.

நான் அந்த ஊருக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். மில் இருந்த இடத்தில் உயரமான மதில் சுவர், உள்ளே என்னவோ குளிர்பதனக் கிடங்கு. பெட்டிக்கடையில் விசாரித்தபோது, பழைய ஷீட்டு காத்துக்கு முனங்கத்தானே செய்யும் என்றார் கடைக்காரர். செண்பகவல்லியைச் சாத்தூரில் கண்டுபிடித்தேன். பிள்ளைகள் இரண்டு, திடமான உடம்பு, நான் இருந்த நேரம் முழுக்க ஒரு தடவைகூட இருமவில்லை. அன்றைக்குக் கூரையைக் கழற்றினது ஞாபகம் இருக்கிறது, முகமூடிக்குள் கிராம்பு வாசம் அடித்தது ஞாபகம் இருக்கிறது, மூச்சு முட்டினது ஞாபகம் இல்லை என்றாள். திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் பொய் என்று அன்றைக்குத் தீர்மானித்தேன். ஒரு பெண் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவுகட்டுகிற மனம் எப்படிப்பட்ட மனம் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் ஜெபசிங்குக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். பாதியாகிவிட்டிருந்தார். நுரையீரலைச் சுற்றி இறுகியிருக்கிறது, இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தால் வரத்தானே செய்யும் என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி சொன்னார். முகமூடி இல்லாமல் இவர் வேலைக்களத்தில் நின்றதே இல்லையே என்றும் அந்த அம்மாளே சொல்லிவிட்டு, காப்பி போட உள்ளே போனார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதையோ சொல்ல வாயெடுத்த ஜெபசிங்குக்கு இருமல் வந்தது.

அது அறுபதை நெருங்கும் ஒரு ஆணின் இருமல் இல்லை. கல்யாணத்துக்கு நாள் குறித்த ஒரு பெண்ணின் தொண்டையிலிருந்து வருகிற இருமல். அடுக்களையில் பாத்திரச் சத்தம் ஒரு கணம் நின்றது, பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி கேட்டது. அந்த வீடு அதற்குப் பழகியிருந்தது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். இத்தனை வருஷம் கூரைகளைப் பற்றியும் சத்தங்களைப் பற்றியும் மாற்றி மாற்றிக் கேட்டு அவரைச் சோதித்தவன் நான், கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்காமலே இருந்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. அவர் பக்கமாகக் குனிந்து கேட்டேன்.

"ஜெபசிங், அன்னிக்கு அந்த மூலையில நீங்க குனிஞ்சது பாக்குறதுக்கா, மூச்சை உள்ள இழுக்குறதுக்கா?"